சத்தம் குறைந்தால் சந்தோஷப்படாதீர்கள்! - ஜெயங்கொண்டத்தில் ஒரு டேப்பட் கதை

டூவீலர் மெக்கானிக்கிடம் வந்து நிற்பவர்களின் புகார் பெரும்பாலும் சத்தத்தில்தான் ஆரம்பிக்கும். செயின் கரகரங்குது, சைலன்சர் டப்புன்னு வெடிக்குது, முன்சக்கரத்தில் கொய்ங்குன்னு ஏதோ கேட்குது என்று ஆளுக்கொரு சத்தத்தோடு வருவார்கள். இவற்றில் மெக்கானிக்குக்கும் வண்டிக்காரருக்கும் நிஜமாகவே சண்டை மூட்டிவிடுகிற சத்தம் ஒன்று உண்டு. எஞ்சின் தலைப்பகுதியிலிருந்து தையல் மெஷின் ஓடுவதுபோல வரும் 'டிக் டிக் டிக்'. டேப்பட் சத்தம்.

ஜெயங்கொண்டத்தில் சிதம்பரம் போகும் சாலையோரத்தில், தகரக் கூரை போட்ட ஒரு பட்டறை. அதை நடத்துபவருக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. இந்தச் சத்தத்தை முழுக்க நிறுத்தித் தரச் சொன்னால் மாட்டேன் என்று சொல்லிவிடுவார். அதனாலேயே அவரிடமிருந்து போன வாடிக்கையாளர்கள் கொஞ்சநஞ்சமில்லை. நாலு கடை தள்ளிப் போனால், டீ குடித்து முடிப்பதற்குள் சத்தத்தை நிறுத்திக் கொடுத்துவிடுகிறார்கள். வண்டிக்காரருக்கு அதுதான் நல்ல வேலை. காசு கொடுத்தோம், சத்தம் போச்சு.

ஆனால் அந்த அமைதிக்கான பில் பிறகுதான் வரும்.

விஷயம் இதுதான். ஃபோர் ஸ்ட்ரோக் வண்டியின் எஞ்சினுக்குக் குறைந்தது இரண்டு வால்வுகள் இருக்கும். ஒன்று பெட்ரோலும் காற்றும் கலந்து உள்ளே வர, இன்னொன்று எரிந்த புகை வெளியே போக. இந்த வால்வுகளின் தலையைத் தட்டித் திறந்துவிடுவது ராக்கர் ஆர்ம் என்ற சின்ன இரும்புக் கை. தட்டி முடித்ததும் ஸ்பிரிங் வால்வை இழுத்து மூடிவிடும். மூடியிருக்கும் நேரத்தில் அந்தக் கைக்கும் வால்வின் தலைக்கும் நடுவில் மயிரிழை அளவு இடைவெளி இருக்க வேண்டும். சாதாரண 100 சிசி வண்டிகளில் அது ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு, பத்தில் ஒரு பங்கு என்கிற கணக்கில்தான் இருக்கும். வண்டிக்கு வண்டி அளவு மாறும். சரியான எண்ணைக் கம்பெனி கையேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஏன் இந்த இடைவெளி? மாட்டு வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை போட்டதைப் பார்த்த தலைமுறைக்கு விளக்கவே வேண்டாம். பட்டையை வறட்டி மூட்டிப் பழுக்கக் காய்ச்சுவார்கள். அது விரிந்து கொடுக்கும்போது மரச்சக்கரத்தில் மாட்டித் தண்ணீரை ஊற்றுவார்கள். சுருங்கிக் கவ்விக்கொள்ளும். எஞ்சினுக்குள் நடப்பதும் அதே இரும்பின் குணம்தான். புகை போகிற வால்வின் மேல் படுவது எழுநூறு டிகிரிக்கும் மேலான நெருப்புக் காற்று. வால்வு சூடாகி நீளும். நீள்வதற்கு இடம் விட்டிருந்தால் வால்வு முழுசாக மூடும். இடம் இல்லையென்றால் நீண்ட வால்வு போய் ராக்கரில் முட்டிக்கொண்டு, தான் உட்கார வேண்டிய சீட்டில் உட்காராமல், கதவு லேசாகத் திறந்தபடியே நிற்கும்.

எஞ்சின் நிமிஷத்துக்கு 5,000 சுற்று சுற்றினால் ஒவ்வொரு வால்வும் 2,500 முறை திறந்து மூடும். அத்தனை முறையும் அந்த மயிரிழை இடைவெளியைத் தாண்டிப் போய்த் தட்டுவதால் வருவதுதான் டிக் டிக். அந்த லேசான சத்தம் வந்தால், இடைவெளி இருக்கிறது என்று அர்த்தம். பட்டறைக்காரர் இதை ஒரே வரியில் சொல்வார். "நாடி துடிச்சா நிறுத்தச் சொல்வியா?"

ஆண்டிமடம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து பால் எடுத்துவரும் ஒருவர், வருஷக்கணக்கில் இவரிடம்தான் வண்டியை விட்டுக்கொண்டிருந்தார். பழைய ஸ்ப்ளெண்டர். பின்னால் இரண்டு பக்கமும் பால் கேன். வீடு வீடாகக் கறந்த பாலை வாங்கி, விடிந்து டீக்கடைகள் சூடு பிடிப்பதற்குள் ஜெயங்கொண்டத்துக்குக் கொண்டுவந்து ஊற்ற வேண்டும். சாயங்காலம் இன்னொரு நடை. குடும்பமே அந்த வண்டியின் மேல்தான் உட்கார்ந்திருந்தது என்று சொல்லலாம். மகள் பாலிடெக்னிக்கில் படிக்கிற செலவும் சேர்த்து.

"வண்டி டிக்கு டிக்குன்னு அடிக்குதுண்ணே. டீக்கடையில நிக்கிறவன் எல்லாம் கேக்குறான். நிறுத்திக் குடுத்துருங்க."

"இது இருக்க வேண்டிய சத்தம்தான் தம்பி. கொஞ்சம் கூடுதலா இருக்கு. ராத்திரி வண்டிய விட்டுட்டுப் போ, காலையில அளவு வச்சுத் தாரேன். சுத்தமா நிக்காது."

"ராத்திரி விட்டா காலையில பாலு யாருண்ணே எடுப்பா?"

நியாயமான கேள்விதான். அவர் வேறு கடைக்குப் போனார். ஓடிவந்த சூட்டோடு, எஞ்சினில் கை வைக்க முடியாத கொதிப்பில், மூடியைக் கழற்றி ஸ்குரூவைத் திருகி இறுக்கிக் கொடுத்தார்கள். வண்டி பட்டுப்போல ஓடியது. அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அடுத்து நடந்ததுதான் இந்த வியாதியின் தந்திரம். காலையில் ஒரே உதையில் வண்டி ஸ்டார்ட் ஆனது. அதனால் வண்டியில் கோளாறு என்று நினைக்கவே தோன்றவில்லை. ஒரு வாரம் போனதும், கேன்கள் நிறைந்து திரும்பும்போது மட்டும் பிக்கப் குறைந்தது. பெட்ரோலில் கலப்படம் என்று நினைத்து பங்க் மாற்றினார். பிறகு, நின்ற இடத்தில் ஐடிலிங் பிடிக்காமல் எஞ்சின் அணைய ஆரம்பித்தது. பிளக் மாற்றினார், கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தார்கள். சைலன்சரில் அவ்வப்போது ஒரு வெடிச் சத்தம். கிக்கரை உதைத்தால் எதிர்ப்பே இல்லாமல் லூசாக இறங்கியது. அரை மணி நேரம் நிழலில் போட்டு வைத்தால் மறுபடி ஸ்டார்ட் ஆகும். அந்த அரை மணி நேரம்தான் அவரை மேலும் ஏமாற்றியது.

மூன்றாவது வாரம், ஒரு சாயங்கால நடையில், முந்திரிக் காடுகளுக்கு நடுவே வண்டி நின்றது. இந்த முறை நிழலில் போட்டும் வரவில்லை. பங்குனி வெயில் அடங்காத நேரம். ஒரு லோடு ஆட்டோ கிடைத்து ஏற்றிக்கொண்டு வருவதற்குள் ஒரு கேன் பால் திரிந்துவிட்டது. வாடிக்கையான இரண்டு டீக்கடைகள் அன்றைக்கு வேறு ஆளிடம் பால் வாங்கின. அதில் ஒன்று திரும்ப வரவே இல்லை.

பழைய பட்டறைக்குத்தான் வண்டி வந்து சேர்ந்தது. ஹெட்டை இறக்கி, புகை வால்வை வெளியே எடுத்தால், அதன் விளிம்பில் எலி கடித்த தேங்காய்ச் சில்லுபோல ஒரு துண்டு இல்லை. சீட்டிலும் கருகிய தடம். வால்வு தன் சூட்டைப் பெரும்பாலும் இறக்கிவைப்பது சீட்டில் உட்கார்ந்திருக்கும் அந்தக் கண நேரத்தில்தான். சீட்டின் வழியாகச் சூடு ஹெட்டுக்குப் போய், வெளியே உள்ள தகடுகள் மூலம் காற்றில் கலக்கும். சரியாக உட்கார முடியாத வால்வுக்கு ஆற வழியே இல்லை. மேலும் சூடாகி, மேலும் நீண்டு, மிச்சமிருக்கும் சந்தின் வழியே நெருப்பு சீறி, விளிம்பையே தின்றுவிடும்.

புது வால்வு, லேத் பட்டறையில் சீட் வெட்டுவது, பேஸ்ட் போட்டுத் தேய்ப்பது, கேஸ்கட், கூலி என்று பில் ஆயிரங்களில் போனது. டேப்பட் அளவு பார்க்க ஆகிற செலவு இரண்டு பேர் டிபன் சாப்பிடுகிற காசுக்கு மேல் போகாது. பில்லைவிட அவருக்கு வலித்தது, வண்டி இல்லாமல் போன மூன்று நாள். மச்சான் வண்டியைக் கேட்டு வாங்கி ஒப்பேற்றினார். மூன்றாவது நாள் மச்சானும் முகம் சுளித்தார்.

ஹெட்டைத் திரும்ப ஏற்றுவதற்கு முன் பட்டறைக்காரர் அவரைக் கூப்பிட்டு ஒன்றைக் காட்டினார். வால்வு உட்கார்ந்திருக்கும் ஹெட்டின் துளையில் கொஞ்சம் பெட்ரோலை ஊற்றிவிட்டுக் காத்திருந்தார்கள். மறுபக்கம் ஒரு சொட்டுகூடக் கசியவில்லை. "இப்பதான் கதவு மூடுதுன்னு அர்த்தம்." அவ்வளவுதான் பேச்சு. 'நான் சொன்னேனா இல்லையா' என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் தப்பில்லை.

இதில் பெரும்பாலானவர்களுக்குத் தெரியாத இன்னொரு விஷயம் உண்டு. யாரும் கை வைக்காமலேயே இந்தச் சத்தம் தானாகக் குறையலாம். வால்வும் சீட்டும் நாள்பட அடித்து அடித்துத் தேயும்போது, வால்வு கொஞ்சம் கொஞ்சமாக ஹெட்டுக்குள் அமுங்கும். அதன் மறுமுனை ராக்கரை நோக்கி உயரும். இடைவெளி சுருங்கும். வண்டி ஓட ஓட சத்தம் இதமாகும். 'செட் ஆயிடுச்சு' என்று வண்டிக்காரர் பெருமைப்படுவார். நல்ல மெக்கானிக் கவலைப்படுவார்.

அதற்காகச் சத்தம் கூடிக்கொண்டே போவது நல்லது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இடைவெளி அதிகமானால் வால்வு தாமதமாகத் திறந்து சீக்கிரம் மூடும். எஞ்சினுக்கு மூச்சு பத்தாது, இழுவை குறையும். தட்டுகிற இடத்தில் சுத்தியலால் அடிப்பதுபோல அடித்து ராக்கரும் கேமும் தேயும். ஆனால் அது சத்தம் போட்டுச் சொல்லிவிட்டுக் கெடுக்கிற வியாதி. இறுக்கம் சொல்லாமல் கெடுக்கும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் எந்த அனுபவசாலியும் லூசு பக்கம்தான் நிற்பார்.

ஜெயங்கொண்டம், உடையார்பாளையம், தா.பழூர் பக்கத்து மெக்கானிக்குகளில் மூத்த தலைமுறை தொழில் பழகியது பெரும்பாலும் டூ ஸ்ட்ரோக் வண்டிகளில். 1980-ல் வந்த டிவிஎஸ் 50, 1985-ல் வந்த யமஹா ஆர்.எக்ஸ் 100, அதற்கும் முன்னால் ராஜ்தூத். இந்த எஞ்சின்களில் இப்படித் தட்டித் திறக்கிற வால்வு கிடையாது. சிலிண்டர் சுவரில் உள்ள ஓட்டைகளை பிஸ்டனே திறந்து மூடும். சைலன்சரில் கரி எடுப்பது, பிளக் துடைப்பது, பாயின்ட் செட் பண்ணுவது, இவ்வளவுதான் வேலை. டேப்பட் என்ற பேச்சே இல்லை. 1985-ல் ஹீரோ ஹோண்டா சிடி 100 வந்தபோதுதான் எளிய குடும்பங்களின் வண்டிக்குள் டேப்பட் புகுந்தது. 1994-ல் ஸ்ப்ளெண்டர். ஆனாலும் புல்லுக்கட்டு, உர மூட்டை, நெல் மூட்டை ஏற்றுகிற வண்டி மட்டும் டூ ஸ்ட்ரோக்காகவே ரொம்ப நாள் இருந்தது. 2015-ல் டிவிஎஸ் எக்ஸ்.எல் 100 வந்ததும் அதுவும் ஃபோர் ஸ்ட்ரோக் ஆனது. புகையும் குறைந்தது, பெட்ரோலில் ஆயில் கலக்கிற வேலையும் மிச்சம். ஆனால் பார்வைக்கு அதே எக்ஸ்.எல். உள்ளே இரண்டு வால்வு வந்து உட்கார்ந்திருப்பது பலருக்கு இன்னும் தெரியாது. மூன்று மூட்டையை ஏற்றிக்கொண்டு, வரப்பு மண்ணில் மெதுவாக உறுமிக்கொண்டு போகிற அந்த எஞ்சின்தான் இருப்பதிலேயே அதிகம் சூடாகும். டேப்பட் பார்க்கச் சொன்னால் "எக்ஸ்.எல்லுக்கு எதுக்குங்க அதெல்லாம்" என்பார்கள்.

புல்லட்காரர்கள் தனி ரகம். 1956-லிருந்து சென்னை திருவொற்றியூரில் தயாரான பழைய இரும்பு எஞ்சின் புல்லட்டில் இடைவெளி அளவே பூஜ்யம். எஞ்சின் ஆறியிருக்கும்போது உள்ளே இருக்கும் புஷ் ராடை இரண்டு விரலால் பிடித்துச் சுற்றினால் தடையில்லாமல் சுற்ற வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. கேஜ் வேண்டாம், விரல் போதும். சூடேறி எஞ்சின் உயரும்போது தேவையான இடைவெளி தானாக உண்டாகிவிடும். 2008-ஐ ஒட்டி வரத் தொடங்கிய யூ.சி.இ எஞ்சினில் கம்பெனியே ஹைட்ராலிக் டேப்பட் வைத்துவிட்டது. ஆயில் அழுத்தமே இடைவெளியைப் பார்த்துக்கொள்ளும். கங்கைகொண்ட சோழபுரம் கோயிலைப் பார்க்க அந்த புல்லட்டில் வரும் இளைஞர்கள் சிலர் வழியில் இங்கே நிறுத்தி, "டேப்பட் அட்ஜஸ்ட் பண்ணுங்கண்ணா" என்பார்கள். பண்ண அதில் எதுவுமே இல்லை என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். மெக்கானிக்குத் தெரியவில்லை என்று நினைத்துப் போய்விடுவார்கள். பாவம், இந்தப் பக்கமும் இடி, அந்தப் பக்கமும் இடி.

சரி, முறையாக எப்படிச் செய்ய வேண்டும்? ஸ்ப்ளெண்டர் மாதிரி வண்டி என்றால் ஹெட்டின் மேலும் கீழும் உள்ள இரண்டு மூடிகளையும், இடது பக்கம் மேக்னெட் கவரில் உள்ள இரண்டு சின்ன மூடிகளையும் கழற்ற வேண்டும். ஸ்பார்க் பிளக்கை எடுத்துவிட்டால் எஞ்சின் கைக்கு லேசாகச் சுற்றும். ஸ்பேனரால் மேக்னெட்டை இடஞ்சுழியாக மெல்லச் சுற்றி, அதில் பொறித்திருக்கும் 'டி' குறி கவரில் உள்ள வெட்டுக்கு நேராக வரும்போது நிறுத்த வேண்டும். பக்கத்திலேயே 'எஃப்' என்று இன்னொரு குறி இருக்கும். அது பொறி அடிப்பதற்கானது. அவசரக்காரர்கள் அதில் நிறுத்திவிடுவார்கள்.

குறி நேராக வந்தால் மட்டும் போதாது. இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் வால்வுகள் இரண்டும் மூடியிருக்கும். ராக்கரை விரலால் ஆட்டிப் பார்த்தால் இரண்டும் லேசாக ஆட வேண்டும். ஆடவில்லையென்றால் இன்னொரு முழுச் சுற்று. பிறகுதான் ஃபீலர் கேஜ். விசிறிபோல விரியும் மெல்லிய இரும்புத் தகடுகள், ஒவ்வொன்றிலும் கனம் பொறித்திருக்கும். கையேட்டில் சொன்ன கனத்தகட்டை நடுவில் விட்டு இழுத்தால், வெண்ணெய் தடவிய கத்தியை இழுப்பதுபோல லேசான பிடிமானம் தெரிய வேண்டும். லாக் நட்டை இறுக்கும்போது ஸ்குரூவும் கூடவே கொஞ்சம் திரும்பிவிடும். அதனால் இறுக்கிய பிறகு மறுபடி தகட்டை விட்டுப் பார்க்க வேண்டும். பட்டறையில் தொழில் பழகும் பையன் ஒருவன் இந்தக் கடைசிப் படியை எப்போதும் மறந்துவிடுவான். அவனுக்கு விழும் திட்டில் பெரும்பங்கு அதற்குத்தான்.

இதெல்லாம் எஞ்சின் ஆறியிருக்கும்போது மட்டும்தான். வெறும் 'ஆறியிருந்தால் சரி' இல்லை. 35 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும் என்று ஹோண்டா கையேடுகளில் போட்டிருக்கும். ஜெயங்கொண்டத்தில் கத்திரி வெயில் காலத்தில் பகலில் காற்றே அந்த அளவைத் தாண்டிவிடும். ஓடாமல் நாள் முழுக்க நிழலில் நின்ற வண்டிகூடப் பகல் பன்னிரண்டு மணிக்கு அளவு பார்க்கத் தகுதியில்லை. ராத்திரி விட்டுவிட்டுப் போ என்று அவர் கேட்பது அதனால்தான். சித்திரை, வைகாசியில் விடிவதற்கு முன்னால் உட்கார்ந்தால்தான் இரண்டு வண்டி முடிக்கலாம்.

பால்காரருக்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். சாயங்கால நடை முடிந்ததும் வண்டி பட்டறைக்கு வரும். அவர் கடைசிப் பஸ்ஸில் ஊருக்குப் போய்விடுவார். மறுநாள் ஒரு நடைக்கு மட்டும் பக்கத்து வீட்டு எக்ஸ்.எல். அதுவும் மூன்று, நாலு மாசத்துக்கு ஒருமுறைதான். பெரிய கஷ்டமில்லை.

ஸ்கூட்டிகளுக்குத்தான் வழி பிடிபடவில்லை. ஆஸ்பத்திரி வேலைக்கு, பள்ளிக்கூட வேலைக்குப் போகும் பெண்களின் வண்டிகள். எஞ்சின் சீட்டுக்கடியில் ஒளிந்திருப்பதால் சத்தம் காதில் விழாது, விழுந்தாலும் புரியாது. ஆயில் மாற்றிக் கழுவிக் கொடுத்தால் சர்வீஸ் முடிந்தது என்று அனுப்பிவிடுவார்கள். ராத்திரி பட்டறையில் விட்டுவிட்டுப் போகச் சொன்னால், "காலையில புள்ளைங்கள யாரு கொண்டுபோய் விடுறதுண்ணா?" என்று கேட்பார்கள். அதுவும் நியாயம்தான்.

அதனால் இப்போது வாரத்தில் ஒரு நாள், காலை ஐந்தரை மணிக்கு, ஒரு பழைய துணிப்பையில் ஸ்பேனர்களையும் ஃபீலர் கேஜையும் போட்டுக்கொண்டு அவரே கிளம்பிவிடுகிறார். முதல் நாள் சொல்லிவைத்த வீட்டில் வாசல் தெளித்துக்கொண்டிருப்பார்கள். "யாரும் வண்டிய ஸ்டார்ட் பண்ணிடலையேம்மா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வருவார். சீட்டைத் தூக்கி, பெட்டியைக் கழற்றி, எஞ்சின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். சில்லென்று இருந்தால்தான் மூடியில் ஸ்பேனரை வைப்பார்.